சிவப்பைக் கறுப்பாக்கும் பிலிம்

ராயபுரம், 9 ஆகஸ்ட் 1951, வியாழன்

கண் மங்கிப்போய், கடைக்காரன் தள்ளிவிட்ட பழைய பிலிமை வாங்கி வந்தேன் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. ஆர்த்தோ பிலிமை நானேதான் கேட்டு வாங்கினேன். அதற்குச் சிவப்பு தெரியாது. அதனால் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கழுவலாம்.

காலையில் மருமகள் ஸ்டெல்லாவைக் கைக்குழந்தையோடு படம் எடுத்தேன். படத்தில் அவள் நெற்றியிலும் கழுத்திலும் கறும்புள்ளிகள். நேரில் ஒன்றும் இல்லை.

"பிலிமே கலீஜ்மா. புதுசா ஒண்ணு வந்துகீதே, அதை வாங்கக் கூடாதா?" என்றான் மகன்.

"மாமி, என்னை இன்னா, சிறுத்தைக்குட்டி ஆக்கிட்டீங்க!" என்று அவளும் சிரித்தாள்.

பிலிமில் குறை என்றால் மடியில் இருந்த குழந்தையின் முகத்திலும் புள்ளி விழுந்திருக்கும். விழவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பும் இந்தப் பிலிமில் கறுப்பாக விழும். துறைமுகக் குடியிருப்பில் பெரியம்மை என்று போன வாரமே சொன்னார்கள்.

மாலையில் உடம்பு சுடுகிறது என்று ஸ்டெல்லா படுத்துவிட்டாள். குழந்தையை என் அறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். மகனுக்குக் கோபம். குழந்தை பாலுக்கு அழுகிறது.

படத்தின் பின்புறம் டாக்டரம்மாவுக்கு எழுதிவிட்டேன். விடிந்ததும் அனுப்ப வேண்டும்.

"இந்தப் புள்ளிகள் என்ன? ஆளிடம் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம், நான் சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்."