பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மணை, மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. என் வீட்டில் தங்கிப் படிக்கிற தம்பி மகள் வெண்ணிலாவின் பென்டிரைவும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தது. அவளுடைய எண்பது பக்க ஆய்வேடு அதற்குள்ளே இருக்கிறதாம். கண்டாச்சிபுரம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற பெண்களிடம் ஆறு மாதம் அலைந்து கேட்டு எழுதியது. அதைவிடப் பெரிய ஆயுதம் இந்த வீட்டில் ஏது? மூடியைக் கழற்றி, வெள்ளியாட்டம் மின்னின முகத்தில் பொட்டு வைத்தேன். பன்னீரில் குழைத்த சந்தனம். பார்க்க லட்சணமாக இருந்தது.

2, வியாழன்

பென்டிரைவை ஈரத்துணியால் துடைத்து, மூடி போட்டு அவள் பையில் வைத்தேன்.

3, வெள்ளி

திண்டிவனம் காலேஜிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். ஃபைல் பேர் தெரிகிறதாம், திறக்கவில்லையாம். மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாளாம். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இந்த வருஷப் படிப்பே போச்சு. டைப் அடித்த கடையில் இருந்த காப்பியையும், மற்ற பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று இவளே அழிக்கச் சொல்லிவிட்டாள். வருகிற வழியில் அந்தக் கடை அம்சவள்ளியிடம் சண்டை வேறு.

"ஒழுங்கா காப்பி பண்ணத் தெரியாம எதுக்குக் கடை வச்சிக்கினு இருக்கீங்கன்னு நாலு பேர் எதிர்லயே கேட்டுட்டேன் அத்த."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பொட்டா? துளியூண்டு சந்தனம் எண்பது பக்கத்தை முழுங்குமா?

4, சனி

முழுங்கும் போல. அவள் குளிக்கப் போனபோது மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிவப்பாக ஒட்டிக்கினு இருக்கு. ஊசியால் நோண்டினேன், வரவில்லை.

குறிப்பு நோட்டைப் பார்த்து முதலிலிருந்து கையால் எழுதுகிறாள். சாயங்காலத்துக்குள் பதினோரு பக்கம். நான் காபி போட்டுக் கொடுத்தேன் — வேறென்ன செய்தேன்? சாமியிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சாமி திருப்பிக் கேட்காது.

5, ஞாயிறு

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சந்தன ஈரம் உள்ளே போயிருக்கிறதாம். செருகும்போது தொடர்பு விட்டு விட்டு வந்ததில் ஃபைல் கெட்டிருக்கும் என்றாள். இனி இதிலிருந்து எடுக்க முடியாதாம். ஆனால், அழித்த காப்பி அவள் கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையில் கிடக்கிறது! பூஜைக்கு மூடிய கடை, கூடையைக் காலி பண்ணவில்லையாம். நிதானமாகக் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே எடுத்துக் கொடுத்திருப்பாளாம்.

"உங்க கையில குடுக்க மாட்டேங்க. நாலு பேர் எதிர்ல கேட்டாளே, அவளே வந்து வாங்கிக்கினு போவட்டும்."

வீட்டுக்கு வந்து வெண்ணிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதோட வாயிலயா வச்சீங்க?"

"மொகம்னு நெனச்சேன்டி."

எழுதின தாள்களைப் புரட்டினாள். பிறகு, "இத்தினி பக்கம் நான் எழுதறத பாத்துக்கினே இருந்தீங்களா அத்த?"

கீழே கிடந்த பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

6, திங்கள்

இரண்டு பேரும் போனோம். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். "தப்பு என் மேலதான்க்கா" என்றாள் வெண்ணிலா. என் பேரை இழுக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், பொட்டு வைத்தது நான், மறைத்ததும் நான் என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னேன். அம்சவள்ளி ஃபைலைத் திறந்து காட்டினாள். எண்பது பக்கமும் இருந்தது.

7, செவ்வாய்

காலேஜில் கொடுத்துவிட்டாள். என்னோடு பேச்சில்லை.

19, ஞாயிறு

சோறு வேணுமா என்றால் வேணும். அவ்வளவுதான். நான் ஓயாமல் பேசுகிறவள். பேஜாராக இருக்கிறது.

14 நவம்பர், வெள்ளி

இன்றைக்கு வாய்மொழித் தேர்வு. மத்தியானம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். நன்றாகச் செய்திருக்கிறாள். முதலில் அம்சவள்ளிக்குத்தான் சொன்னாளாம். சரிதான் என்றேன்.

"விக்கிரவாண்டி கிட்ட வந்துட்டுக் கூப்புடுறேன். பசிக்குது, எதனா செஞ்சி வைங்க அத்த."

அடைக்குக் கேப்பை மாவு பிசைந்து வைத்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.