எதுவானாலும் சரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பாப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, வைத்தும் விடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

புது அறை பரவாயில்லை. ஒரு கட்டில், ஒரு மேஜை, கதவைத் திறந்தால் மாடிப்படி. படிக்குக் கீழே வீட்டுக்காரம்மா தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்த அன்றே காலையில் டீ வேண்டுமா காபி வேண்டுமா என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றேன். தினமும் கேட்டார், தினமும் அதையே சொன்னேன். நேற்று மெஷினை நிறுத்திவிட்டு, "எதுவானாலும் சரின்னு ஒரு டப்பா எந்தக் கடையிலயும் இல்லம்மா. இருந்தா வாங்கி வச்சிருக்க மாட்டேனா?" என்றார். சிரித்துவிட்டேன். மேலே வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

எனக்கு எது பிடிக்கும், அக்கா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

துண்டு வாங்கப் போனேன். பில் போடும்போதுதான் கவனித்தேன், கையில் ஒரே நிறத்தில் இரண்டு இருந்தது. நம் வீட்டில் எதையும் ஒற்றையாக வாங்கியதே இல்லையே. அம்மா போன பிறகு கடைக்குப் போவதெல்லாம் நீதான். நீ ஒன்றை எடுப்பாய், "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்பாய், என் வேலை முடிந்தது. உனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் செருப்பு, பை, போர்வை என்று ஜோடியில் ஒன்றைப் பார்சலில் அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். இந்த அறையைச் சுற்றிப் பார்த்தால் நீ இப்போதுதான் எழுந்து வெளியே போன மாதிரி இருக்கிறது.

வேலை பழகிவிட்டது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில், வருகிறவர்களின் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். பரீட்சை மாதிரி பயப்படுகிறார்கள். தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று நெளிகிறார்கள். நேற்று ஒரு பெரியவர், "நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டுடுங்க" என்றார். உங்கள் கண்ணால் நான் எப்படி ஐயா பார்க்க முடியும் என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பாப்பாவுக்கு முத்தம்.

உன்,
எலி


ஜனவரி 17

அன்பு எலிக்கு,

கடைசி வரை படித்தேன். குறுக்கே பேசவில்லை. ஓரத்தில் எழுதி மட்டும் வைத்தேன்.

இதற்கெல்லாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? உனக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். டீ, சர்க்கரை இல்லாமல். படுக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். பளிச்சென்ற நிறம் எதுவும் ஆகாது. புத்தகத்தை எடுத்தால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. போதுமா? அந்த அம்மாவிடம் டீ என்று சொல்லிவிடு. பாவம், தைக்கிற வேலையை விட்டுவிட்டு உன்னோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் கண் மருத்துவமனையில் உன் வேலைக்கே ஓர் இடம் காலியாகிறது. அத்தான் பேசிவிட்டார். பிப்ரவரி முடிவதற்குள் சேர வேண்டுமாம். மாடி அறையைக் காலி செய்து, சுவருக்கு இளம்பச்சை அடித்தாகிவிட்டது. உனக்குப் பிடித்த நிறம். கட்டில் மட்டும்தான் பாக்கி. நீ வந்துவிட்டால் உனக்கு இந்தக் குழப்பமும் இருக்காது, எனக்கு அந்த மாடிப்படியை நினைத்துக் கவலையும் இருக்காது.

சித்தி என்று கூப்பிட்டால் கொழுந்தனார் பெண்டாட்டிதான் திரும்பிப் பார்க்கிறாளாம். தனக்கே தனக்கென்று ஒரு சித்தி வேண்டும் என்கிறாள் பாப்பா.

தேதி எழுது.

அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்காரம்மாவிடம் டீ என்றேன். சர்க்கரை வேண்டாம் என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் யோசனை வந்தது. சர்க்கரையை விட்டது நீதானே? பள்ளிக்கூட நாட்களில் உடம்பு குறைய வேண்டும் என்று நீ விட்டாய், நீ விட்டதால் நானும் விட்டேன். அடுத்த நாள் சர்க்கரை போடச் சொன்னேன். பிடித்த மாதிரியும் இருந்தது, வாய்க்குப் பழகாத மாதிரியும் இருந்தது. அப்பாவிடம் போனில் கேட்டேன், நம்மில் யார் முதலில் சர்க்கரையை விட்டது என்று. "நீங்க ரெண்டு பேரும் டீ குடிப்பீங்களா?" என்றார்.

இன்னொன்று. போன வாரம் ஒரு போர்வை வாங்கினேன். ஒன்றே ஒன்று. செங்கல் சிவப்பு. எடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விரித்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்ததால் எடுத்தேனா, உனக்குப் பிடிக்காது என்பதால் எடுத்தேனா? இரண்டாவதுதான் என்றால் இதையும் நீதானே தேர்ந்தெடுத்திருக்கிறாய்?

நான் படிக்கும் நாவல்களில் எல்லோரும் ஜன்னலருகே போய் நின்றதும் தங்கள் மனம் தெரிந்துவிடுகிறது. நானும் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது.

கடையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். பார், பிடிக்கும் என்று எழுதிவிட்டேன். கடைசியாக ஒரு லென்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்டி, எது தெளிவு என்று கேட்போம். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று தயங்கிக்கொண்டே சொல்வார்கள். நாங்கள் எதிர்பார்ப்பதே அந்தப் பதில்தான். அளவு அங்கேதான் முடிகிறது. வெளியே வந்தால் அந்தப் பதிலை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

மாடி அறையைப் பற்றி எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், கவனித்திருப்பாய். உன்னோடு இருக்க ஆசையாக இருக்கிறது. வரத் தோன்றவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று புரியவில்லை. கொஞ்சம் நேரம் கொடு.

எலி


பிப்ரவரி 2

எலிக்கு,

முதலில் சர்க்கரை. அதை விட்டது நீ. பல்வலி வந்து பல் டாக்டர் திட்டியதும் நீ அழுதாய், உனக்காக நானும் விட்டேன். இன்று வரை எனக்கு அந்தக் கசப்பு பிடித்ததில்லை. இத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னைப் பார்த்து விட்டாயாம். நன்றாக இருக்கிறது கதை.

போர்வை விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சிவப்பு சாயம் போகும், தனியாகத் துவை.

நேரம் கொடு என்கிறாய். கொடுக்கத்தான் நினைத்தேன். இன்று மாமியாரும் இவரும் பாப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நல்லவர்கள். அதை நீ சந்தேகப்படாதே. ஆனால் இது எல்லாம் முடிவாகிவிட்ட வீடு. சோபா எந்தப் பக்கம், சாயங்காலம் எத்தனை மணிக்கு விளக்கு, பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் நான் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. கடைக்குப் போனால் இவர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நல்லா இருக்கில்ல என்பார். நானும் தலையாட்டுவேன். உனக்கென்று ஒன்றை எடுக்கும்போதுதான் கடைக்காரரிடம் நாலு காட்டச் சொல்வேன், தடவிப் பார்ப்பேன், வேண்டாம் என்பேன். "இது என் தங்கச்சிக்கு, அவளுக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லும்போது என் குரலே வேறு மாதிரி இருக்கும். அப்புறம் அதே மாதிரி எனக்கும் ஒன்று எடுத்துக்கொள்வேன். நீ நினைத்திருப்பது தலைகீழ்.

உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக வந்துவிடேன். இதைவிட வெளிப்படையாகக் கேட்க எனக்குத் தெரியாது.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் பையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. துணியெல்லாம் அடுக்கிவிட்டு, சிவப்புப் போர்வையை எடுத்துப்போவதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அது எதுக்குடி, இங்கதான் போர்வை இருக்கே" என்று கேட்டது. உன் குரல்தான். "சரிக்கா" என்று வாய்விட்டே சொன்னேன். தனியாக, ஒரு காலி அறையில். போர்வை கட்டிலில் கிடந்தது.

அப்புறம் வெகுநேரம் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் வரவில்லை, அக்கா. அத்தானுக்கு நானே போன் செய்து அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். உன் வாயால் அவர் கேட்கக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடித்துவிட்டதால் வராமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. டீயில் ஒரு நாள் சர்க்கரை, ஒரு நாள் இல்லை. வீட்டுக்காரம்மா என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார், முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறார். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிப் பார்த்தேன், கொசு கடித்தது. சாத்திவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஆனால் கடிபட்டுவிட்டுச் சாத்தியது நான்.

உன் வீட்டில் எனக்குக் குழப்பமே வராது. நீ சொல்லிவிடுவாய், நானும் நம்பிவிடுவேன். நீ எனக்காகத் தேர்ந்தெடுப்பதில் உனக்குக் கிடைப்பது என்ன என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து அழுதேன். அதைக் கொடுக்கத் தங்கச்சிக்கு மனமில்லாமல் இல்லை. கொடுத்தால் எனக்கென்று இருக்கும் இந்தக் கொஞ்சக் குழப்பமும் போய்விடும். அதை விட மனம் வரவில்லை.

நீ கூப்பிட்டு நான் வராதது இதுதான் முதல் தடவை.

என்றும் உன்,
எலி


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. போனைப் பாப்பா எடுத்து, "அம்மா குளிக்கறாங்க" என்றாள். சாயங்காலம் கூப்பிட்டேன், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாயாம். மறுநாள் காலையிலும். இவ்வளவு குளித்தால் சளி பிடிக்கும்.

திட்டியாவது எழுது.

எலி


மார்ச் 14

எலிக்கு,

நலம். கோபம் இருக்கிறது. அதுவாகப் போகும்போது போகட்டும் என்று விட்டிருக்கிறேன். நீ அவசரப்படுத்தாதே.

அத்தானிடம் நீ நேரே பேசியதுதான் ரொம்பச் சுட்டது. அன்று சாப்பிடும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார், உன் தங்கச்சி வரலையாமே என்று. எனக்குத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதமே வந்தது.

மாடி அறைக்குக் கொஞ்ச நாள் நான் போகவில்லை. போன வாரம் மத்தியானம், எல்லோரும் தூங்கும் நேரத்தில், கதவைத் திறந்துகொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன். அந்த இளம்பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடிக்கும் என்று அடித்தது. உனக்குப் பிடிக்குமா என்று தெரியாது என்று இப்போது தெரிகிறது. எனக்காவது பிடிக்கிறதா என்று பார்த்தேன். பிடிக்கவில்லை, எலி. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

பெயின்ட்காரரை வரச் சொன்னேன். புதுசாக அடித்த சுவரை மறுபடி அடிக்க வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யாருக்கு அறை என்று கேட்டார். எனக்கு என்றேன். கூடத்தில் இருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

பெயின்ட்காரர் கலர் அட்டையை விரித்து நீட்டினார். இத்தனை நாளும் இந்த மாதிரி அட்டையைப் பார்த்தால் உன் முகத்தை நினைத்துக்கொண்டு டக்கென்று விரலை வைத்துவிடுவேன். அன்று விரல் அட்டை முழுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே, "எதுவும் தோணலன்னா வெள்ளை அடிச்சிடட்டுமாம்மா?" என்றார்.

வேண்டாம், அட்டையை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் தினமும் போன் செய்கிறார்.

அக்கா