திங்கட்கிழமை மாத்திரை

அண்ணி,

ஒரு மாத்திரை உங்கள் உணவுக்குழாயைப் புண்ணாக்கியது. அதை விற்ற மருந்துக்கடைக்காரர் மேல் நாம் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டோம். அவர் சமாதானம் பேசி ராஜிக்கு வந்தார். நடந்தது இவ்வளவுதான். நீங்கள் போய் மூன்று வருடம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இன்று காலை என் மனைவிக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் காலமான பிறகு வேங்கிக்கால் வீட்டில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. எலும்பு மெலிந்துபோயிருக்கிறது, வாரம் ஒரு மாத்திரை வெறும் வயிற்றில் போடுங்கள் என்றார் டாக்டர். நீங்கள் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தீர்கள். சோமவார விரதம், கோயிலுக்குப் போய் வரும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாத நாள். இதைவிடப் பொருத்தமான நாள் ஏது என்று என்னிடமே பெருமையாகச் சொன்னீர்கள். தீர்த்தம் விரதத்தைக் கெடுக்காது என்பதால், விடியற்காலையில் ஓர் உத்தரணிக் கரண்டித் தீர்த்தத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வீர்கள்.

ஆறாவது வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. வேலூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடவேண்டுமாம். அரை மணி நேரம் படுக்கக் கூடாதாம். இல்லாவிட்டால் மாத்திரை பாதி வழியிலேயே ஒட்டிக்கொண்டு அரித்துவிடும். நம் டாக்டரும் அதைச் சீட்டில் எழுதித்தான் இருந்தார், ஆங்கிலத்தில். நாலு மாத்திரை அட்டையை வெட்டி இரண்டிரண்டாகக் கொடுத்த கடைக்காரர் அதைப் படித்துச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளையும் தரவில்லை.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டீர்கள் என்று பேசிக்கொண்டார்கள். புண்ணைவிட அதுதான் உங்களுக்கு எரிந்தது.

"தப்பு என்னுதா, அந்தக் கடைக்காரரோடதான்னு யாராவது எழுதிக் குடுக்கணும் தம்பி. அது வரைக்கும் விட மாட்டேன்."

நான் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, பிறகு தேரடியில் கடை போட்டவன். கேஸ் என்றால் வியாபாரம் கெடும் என்று தெரியும். அந்தக் கடைக்காரர் எங்கள் வியாபாரிகள் சங்கத்து ஆள் வேறு. வேண்டாம் என்றேன். நீங்கள் பில்லை எடுத்து முன்னால் வைத்தீர்கள். பில் கேட்கிறவர்களைக் கண்டாலே அந்த நாளில் எனக்கு ஆகாது. ஆனால் பில், சீட்டு, வெட்டிய அட்டை, வேலூர் ரிப்போர்ட் எல்லாம் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்ததும் நம் கை ஓங்கியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. மறுநாளே போய் விசாரித்தேன். இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும், வக்கீல்கூடக் கட்டாயமில்லை என்றார்கள்.

மூன்றாவது வாய்தா அன்று மன்றத்து வராந்தாவில் கடைக்காரரே பேச வந்தார்.

"ஏம்மா, நீங்க தீர்த்தத்துல மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்குனா அதுக்கு நானா ஜவாப்தாரி?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செவ்வாக்கிழமை போட்டிருப்பேங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் இளகிவிட்டார், இதுதான் சமயம் என்று நான் பெரிய தொகையாகச் சொல்ல வாயெடுத்தேன். கம்முனு இரு என்று என்னை அடக்கிவிட்டு நீங்களே பேசி முடித்தீர்கள். அவ்வளவு சுத்தமாக ஒரு பேரம் முடிந்ததை நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது இருதயம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த மாத்திரை மேலும் எனக்குக் கோபமில்லை. எலும்புக்கு நல்ல மருந்துதான். என் மனைவி போடத்தான் போகிறாள். வாங்கும்போது அதே கடைக்காரரை நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் கடையிலும் இப்போது கேட்காமலே பில் போடுகிறோம். இதெல்லாம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ராஜியில் எழுதியது இது: வைத்தியச் செலவு முழுவதும் அவர் தருவது. சொல்லாமல் கொடுத்தது தன் தவறு என்று அவர் கைப்பட எழுதித் தருவது. இனி எந்த மாத்திரையையும் எப்படிப் போடுவது என்று தமிழில் சொல்லாமல் கொடுப்பதில்லை. நம் பக்கம், கேஸை வாபஸ் வாங்குவது; இனிமேலும் மருந்தை அவர் கடையிலேயே வாங்குவது.