மேடையில் ஒரு காலி நாற்காலி

நெப்ராஸ்கா, அமெரிக்கா, மார்ச் 9

என் எர்லிந்தாவுக்கு,

நீயும் நம் மகள் மாரிசோலும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல்கூட விட்டுவிட்டது.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. என்னைப் போலக் குடியேற்றக் காகிதம் இல்லாமல் இங்கே இருப்பவர்களுக்கான சட்டம் ஓட்டெடுப்புக்கு வருகிறதே, அதில் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்க, இந்தத் தொகுதிக்காரர்கள் தங்கள் எம்.பி.யை நான் பெருக்கும் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். இருநூறு நாற்காலி போட்டேன். அவர் வரவில்லை. இவர்களும் விடவில்லை. மேடையில் ஒரு காலி நாற்காலியை வைக்கச் சொல்லி, அதில் அவர் பெயரை ஒட்டி, ஒவ்வொருவராக அதையே கேள்வி கேட்டார்கள்.

நூலகத்து லொரெய்ன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரூஃபினோ, நீயும் ஒண்ணு கேளேன்ப்பா."

"எனக்குத்தான் ஓட்டு இல்லையேம்மா."

"அது நாற்காலிக்குத் தெரியவா போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மற்ற நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டு, கடைசியாக அந்த மேடை நாற்காலியின் முன்னால் நின்றேன். "ஊருக்குப் போய் என் மகளை ஒரு தடவை பாத்துட்டு வந்தா, திரும்ப உள்ளே விடுவீங்களா ஐயா?" என்று கேட்டேன். பிறகு அதையும் மடித்தேன்.

ஒரு சின்ன வேலை. மாரிசோலின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. போன வருடம் குத்துமதிப்பாக வாங்கிய ஷூ பத்தவில்லை என்றாயே.

பள்ளி மணி அடிக்கிறது, போக வேண்டும். பாதத்தைச் சுற்றி வரையும் கோட்டை ஒரு விரல் தள்ளியே போடு. ஷூ வந்து சேர்வதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள்.

உன் ரூஃபினோ