ஆன்டெனாவைத் தொட வேண்டாம்

என்னங்க,

நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். நேற்று கேபிளை நிறுத்திவிட்டு, "இந்த ஆன்டெனாவுல படம் வரலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சவால் விட்டீர்கள். வந்ததெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்த முகங்கள்தான். செய்தி வாசித்தவருக்கு மூக்கு நெற்றியில் இருந்தது. நான் சிரித்திருக்கக் கூடாதுதான். அதற்காகச் சாப்பிடாமலா படுப்பது?

இன்று காலை நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அட்டை மாதிரி இருக்கிற அந்த ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மறுபடியும் சேனல் தேடவிட்டதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. வயர்தான் ஹாலுக்கு எட்டவில்லை. அதனால் டிவி இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. பார்த்துப் பதறாதீர்கள்.

சாயங்காலம் அப்பா மேட்ச் பார்க்க வருகிறார். நீங்கள் ஆபீசிலிருந்து வர நேரமானால் அவர் திறந்துகொள்ள, என் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். நேற்று ராத்திரி நீங்கள் தொடாத சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். அப்பா ஜூஸ் கேட்டாலும் ஆட்டம் முடியும்வரை மிக்ஸி வேண்டாம். அதைப் போட்டால் படம் உடைகிறது.

பி.கு.: அப்பா போனில், "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அவர்தாம்ப்பா மாட்டினாரு, சூப்பரா தெரியுது" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டால் முழிக்காதீர்கள். "டவர் அந்தப் பக்கம் இருக்கு மாமா" என்று அலட்சியமாகச் சொல்லுங்கள்.

முதலில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். பொய் சொன்னால் உங்களுக்குக் காது சிவந்துவிடும்.