கணவருக்குப் பக்கத்து நாற்காலி வேண்டி

அனுப்புநர்:
ம. மெஹர்பானு,
க/பெ. மஹபூப் பாஷா,
செருப்புக் கடை, பஜார் தெரு,
உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பாலாற்றங்கரை நிகர்நிலைப் பல்கலைக்கழகம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: பல்கலைக்கழக அரங்கில் நடக்கும் சமய நிகழ்ச்சிகளில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து உட்கார வைப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் முஸ்கான் என்பவளின் தாய் நான். கீழ்க்காணும் விவரங்களைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. எனக்குக் காது கேட்காது. முஸ்கான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சலில் போனது. பேசுவோரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வியாபாரத்துக்கு அது போதும். செருப்பு வாங்க வருபவர்கள் அப்படியொன்றும் பெரிய பேச்சு பேசுவதில்லை. ஆனால் மேடையில், தூரத்தில், மைக்குக்குப் பின்னால் நின்று பேசுகிறவரின் உதடு எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, கேட்பதையெல்லாம் சத்தமில்லாமல் உதட்டில் சொல்லிக்கொண்டே வருவார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லா இடத்திலும் இதுவே எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் மீசையை ஒட்ட நறுக்கிக்கொள்வார். மார்க்கப் பற்று என்று கடைத்தெருவில் அவருக்கு நல்ல பெயர். அதில் பாதிக் காரணம் அவர் உதட்டைப் படிக்கிற நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

2. சென்ற செப்டம்பரில் தங்கள் அரங்கில் மீலாது விழா நடந்தது. என் மகள் பேசினாள். அவள் மேடையேறுவது அதுவே முதல் முறை. இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு வந்தோம். வாசலிலேயே ஆண்களை இடப்பக்கமும் பெண்களை வலப்பக்கமும் அனுப்பினார்கள். நடுவில் பச்சைத் துணி கட்டியிருந்தது. மல்லுக்கு நிற்பானேன் என்று நாங்களே ஒரு யுக்தி செய்தோம். துணி முடிகிற ஓரத்தில் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் முகம் தெரியும். அது பெரிய தப்பாகிவிட்டது.

3. முஸ்கான் பேசத் தொடங்கி இரண்டு வாக்கியம்கூட என்னிடம் வந்து சேரவில்லை. விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் என் கணவரின் தோளைத் தட்டினார். அந்த நபரின் முகம் என்னைப் பார்க்க இருந்ததால் சொன்னதை உதட்டிலிருந்து அப்படியே படித்தேன்: "இன்னா பாய், லேடீஸ் பக்கமே பார்த்துக்கினு கீறீங்க? எழுந்து பின்னால போங்க." என் கணவர், "எங்க வூட்டம்மாங்க அது" என்றார். "மாட்டிக்கினா எல்லாரும் சொல்றதுதான்" என்றார் அந்த நபர். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. எனக்குக் காது கேட்காது என்று என் கணவர் சொல்லியிருக்கலாம். அதை வெளியாரிடம் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் இருக்கிற பேச்சு. எனவே சொல்லவில்லை. எழுந்து வெளியே போய், செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

4. அதன்பின் என் மகள் பேசியது எதுவும் எனக்குத் தெரியாது. நடுவில் அரங்கம் சிரித்தது. பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. துப்பட்டா சரிந்துவிட்டதோ என்று இழுத்து விட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கல்பனா என்கிற அம்மா, அவரும் ஒரு மாணவியின் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஏன் என்று கேட்க வெட்கமாக இருந்தது. நானும் சிரித்து வைத்தேன். வீடு திரும்பும்போது பஸ்ஸில் என் கணவரைக் கேட்டேன். அவமானத்தில் எதுவும் காதில் ஏறவில்லை என்றார். வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதில் மைக் முஸ்கானின் வாயை மறைக்கிறது. அவளிடம் கேட்டால், "உங்க ரெண்டு பேரப் பத்திதாம்மா" என்று வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மேடையில் சொன்னதை வீட்டில் யார் திருப்பிச் சொல்வார்கள்?

5. ஐயா, என் காதில் மிச்சமிருப்பது எட்டு வயது முஸ்கானின் குரல். கொஞ்சம் மூக்கடைத்த குரல். இப்போது அது எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை. அதற்காகப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் சொற்களாவது சுடச்சுட எனக்கு வந்து சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். படிப்பு முடிந்ததும் பூனாவில் வேலைக்குப் போகிறாள். மற்ற தாய்மார்கள் போனில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதுவும் இல்லை.

6. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. அன்றிலிருந்து என் கணவர் பொது இடத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறார். சென்ற மாதம் செங்கல்பட்டில் ஒரு நிக்காஹ். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லுமுன் சுற்றுமுற்றும் பார்த்தார். பாதி சொல்லி நிறுத்திவிட்டார். இத்தனை வருடம் அவர் உதடுதான் என் காது. எனக்கு இரண்டாம் முறையும் காது போனது போல் இருக்கிறது. பழைய மனிதர் எனக்குத் திரும்ப வேண்டும்.

7. முஸ்கான் என் காதைப் பற்றிச் சொல்லி முறையிட்ட பிறகு விழாக்குழுவினர் வருத்தம் தெரிவித்தார்கள். மாற்றுத்திறனாளி அட்டையைக் கொண்டுவந்தால் தனி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். நல்ல மனதுடன் சொன்னதுதான். அந்த அட்டையைக் காட்டி நான் பஸ்ஸில் போகிறேன். கணவர் பக்கத்தில் உட்கார அதைக் காட்டமாட்டேன். காது நன்றாகக் கேட்கிற பெண்ணுக்கும் மகள் பேசும்போது கணவர் பக்கத்தில் இருக்க ஆசை இருக்காதா?

8. பள்ளிவாசலில் தொழுகை வரிசை பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை. அங்கே அந்த ஒழுங்குக்கு நானும் கட்டுப்பட்டவள். இது எங்கள் விழாவைப் பற்றிய புகார் மட்டும் அல்ல. நவராத்திரி பஜனைக்கு அதே அரங்கில் கயிறு கட்டிப் பிரிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேதான் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். சாமி பேரைச் சொன்னவுடன் மட்டும் நடுவில் துணி ஏன் வருகிறது? அப்படி ஒரு விதி பல்கலைக்கழகத்தில் இருந்தால் அதன் நகலைத் தர வேண்டுகிறேன். தனியாக உட்கார விரும்பும் பெண்கள் தாராளமாக உட்காரட்டும். விருப்பம் அவரவருடையதாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

9. வருகிற ஏப்ரலில் இறுதியாண்டு மாணவர்களுக்கான சர்வசமய வழிபாடு அதே அரங்கில் நடக்கிறது. முஸ்கான் பேசுகிறாள். அங்கே அவள் பேசுவது அதுவே கடைசி. அழைப்பிதழின் அடியில் "ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனி இருக்கை" என்று அச்சிட்டிருக்கிறது. தாங்கள் தலையிட்டு அந்த வரியை எடுக்கவும், எந்தச் சமயத்தாரின் நிகழ்ச்சியானாலும் வளாகத்திற்குள் விரும்பியவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்று எழுத்து மூலம் ஆணையிடவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

10. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவது மரியாதை. ஆணை வந்தாலும் வராவிட்டாலும் அன்று நான் என் கணவரின் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். அவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். என்னை எழுப்ப யாரையேனும் அனுப்புவதாக இருந்தால், என் எதிரில் வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசும்படி அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். பின்னால் நின்று எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குக் கேட்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. மெஹர்பானு

இடம்: உத்திரமேரூர்
நாள்: 09.02.2026