சிவப்புக் குமிழை உள்ளே தள்ளாதவனுக்கு

இன்று காலையும் விமானத்தை இறக்கத் தொடங்கியதும் என் கை அந்தச் சிவப்புக் குமிழை உள்ளே தள்ளியது. பக்கத்தில் இருந்த மாணவி, ஏன் சார் இப்படி அடித்துத் தள்ளுகிறீர்கள் என்று கேட்டாள். அது உன்மேல் இருக்கிற கோபம்டா, அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நாம் சேர்ந்துதானே விமானம் ஓட்டப் படித்தோம். உயரே காற்று மெலிசு. அங்கே குமிழை இழுத்துப் பெட்ரோலைக் குறைக்கலாம், எஞ்சினுக்கும் நல்லது. கீழே வரும்போது மறுபடி உள்ளே தள்ளித் தாராளமாகக் கொடுக்க வேண்டும். இதில் புரியாதது என்ன இருக்கிறது? நீ தனியாகப் பறக்கும் நாட்களில் பாதை விலகி உன் ஊர் குரும்பலூருக்குப் போவாய். அந்தச் சுற்றுக்கான பெட்ரோல் பயிற்சிக் கழகத்துக்குத் தெரியக் கூடாதென்று குமிழை வழி நெடுக இழுத்தே வைத்திருப்பாய்.

முந்தின நாளே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குச் சொல்லிவிடுவாய். உனக்கு வீடு அடையாளம் தெரிய, அவர் மொட்டைமாடிக் கொடியில் சிவப்புச் சேலையை விரித்துப் போடுவார். தாழ வந்து ஒரு சுற்று, பிறகு முழு வேகத்தில் ஏற்றம். பெட்ரோல் போதாத எஞ்சினை அப்படி முறுக்கினால் வால்வு கருகிவிடும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா கீழ நிக்கிறப்ப குமிழெல்லாம் எவனுக்குடா ஞாபகம் இருக்கும்?" என்று சிரித்தாய்.

மறுநாள் அதே விமானத்தில்தான் நாங்களும் ஏறினோம். அதை ஒரு தடவையாவது நினைத்தாயா?

கடைசியில் அந்த எஞ்சின் உன் கையிலேயே நின்றது. அம்மாவின் தலைக்கு மேல் சுற்றிவிட்டு ஏறியவன், ஊர் தாண்டி மக்காச்சோளக் காட்டில் விழுந்தாய். வால்வு உடைந்திருந்தது. என்ன திமிர்டா உனக்கு? பெரம்பலூர் பஸ் ஏறியிருந்தால் வீட்டுக்கே போயிருக்கலாம். அவர் சோறு போட்டிருப்பார்.

அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் ஒன்றையே கேட்டார். "நீயும் ஓட்டுறவன்தானே தம்பி, சொல்லு. என்னைப் பாக்க வந்ததாலயா எம்புள்ள போனான்?"

"இல்லங்கம்மா. மிஷின் கோளாறு."

நீ செய்ததற்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிச் சொல்லி, ஒருவழியாக நம்பிவிட்டார். நம்பியதால்தான் போன மாதம் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீயாச்சும் ஒரு நாள் மேல பறந்து வாயேன் தம்பி. சேலையைப் போட்டு வைக்கிறேன்."

வரேங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்தான்டா.